பிக்கப், நட், ட்யூனர்: மாற்றி நெடுநாள் வாசித்த பிறகு

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்கள் மூன்று: பிரிட்ஜ் (தந்திகள் உடலில் பதியும் பகுதி) பக்கம் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்), நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). தொடக்க நிலை மாடல்தான். மரமும் கழுத்தும் ஒழுங்காக இருந்தன, ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வேலையும் மோசமில்லை. மற்றதெல்லாம் செலவைக் குறைக்கப் போட்ட உதிரிபாகங்கள். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றி, சில வருடங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். புது பிக்கப் போட்ட வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் ஏராளம் கிடைக்கும். அந்த வாரத்தில் எதைப் போட்டாலும் அருமையாகத்தான் கேட்கும். பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு எது நின்றது, எது மறந்தே போனது என்று சொல்வதுதான் இந்தப் பதிவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப் தந்த புதுமைக்குக் காது சில வாரங்களில் பழகிவிட்டது. நட்டும் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) ட்யூனரும் (தந்தியை முறுக்கும் திருகு) தந்த நிம்மதி கிட்டாரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. திரும்ப ஒருமுறை செய்வதாக இருந்தாலும் முதல் செலவை நட்டுக்குத்தான் செய்வேன்.

கூடவே வந்த நட் உள்ளே கூடான பிளாஸ்டிக். ஜி தந்தியைச் சுருதி சேர்க்கும்போது சுருதி காட்டும் கருவியின் முள் கொஞ்ச நேரம் அசையாது. அப்புறம் நட்டில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், முள் ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் நிற்கும். தந்தி பள்ளத்தில் சிக்கி, இழுவிசை ஏறியதும் வெடுக்கென்று விடுபடுவதால் வருவது அது. தந்தியை இழுத்து வளைத்து வாசித்தபின் சுருதி இறங்கிக் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பழி மட்டும் ட்யூனர் மேல் விழும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் தற்காலிகமாகச் சரியாகும். நான் எலும்பு நட்டுக்கு மாறினேன். பள்ளம் வெட்டும் வேலையைக் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும். ஒரே ஒரு நட்டுக்காக அந்த அரங்களையெல்லாம் வாங்குவதில் அர்த்தமில்லை.

வேலை சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் ஸ்வரமெல்லாம் சற்று ஏறி ஒலிக்கும். இ மேஜர் கார்டு மட்டும் எப்போதும் ஒட்டாமல் நிற்கிறதே என்று குழம்புகிறவர்கள் ஜி தந்தியின் முதல் ஃப்ரெட்டை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

லாக்கிங் ட்யூனர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பூட்டுகிறது என்பதால் சுருதி அசையாது என்று. அது பூட்டுவது தந்தியின் நுனியை மட்டும். தண்டில் சுற்றுகள் இல்லாததால் அந்தச் சுற்றுகள் இறுகுவதும் தளர்வதும் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். நட் சிக்கினால் பூட்டு ட்யூனராலும் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். தந்தி மாற்றுவது முன்பு ஒரு வேலையாக இருந்தது. இப்போது நுழைத்து, இழுத்து, திருகி, மிச்சத்தை வெட்டினால் முடிந்தது. பல் விகிதம் 18:1, அதாவது குமிழை 18 சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். சின்னத் திருத்தங்கள் கைக்கு அடங்குகின்றன. வாங்கும் முன் தலைப்பகுதித் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நவீன ட்யூனர்கள் பெரும்பாலும் 10 மி.மீ. துளை கேட்கும்; பழைய பாணிக்கு அதைவிடச் சிறியது. இவை எடை கூடியவை என்பதால், உடல் லேசான கிட்டாரில் தலைப்பக்கம் தொங்கப் பார்க்கும்.

பிரிட்ஜ் மாற்றியதில் எனக்குக் கலப்பான திருப்திதான். பழையதில் துத்தநாகக் கலவையில் வார்த்த மெல்லிய பிளாக் (பிரிட்ஜின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டி) இருந்தது. புதியது முழு எஃகு. கார்வை கூடிவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். தந்தியை மீட்டிய அந்த நொடி கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, அதுவும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சுத்தமான ஒலியில் இருக்கும்போது. உண்மையான பலன் சாடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டு). பழைய சாடில்களின் உயரத் திருகுகள் வாசிக்கவாசிக்கத் தாமாக இறங்கும். கை வியர்வையில் துருவும் பிடித்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. முதலில் வரவழைத்த ஒரு பிரிட்ஜில் மேல்பூச்சு சில மாதங்களிலேயே உரியத் தொடங்கியது, விற்றவர் கண்டுகொள்ளவில்லை, அது தனிக் கதை. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் கட்டாயம் அளக்க வேண்டியவை இரண்டு: தந்தியிலிருந்து தந்திக்கான இடைவெளியும், உடலின் தடிமனும். இரண்டு இ தந்திகளுக்கு நடுவே சில பிரிட்ஜ்களில் 52 மி.மீ. சுமார் இருக்கும், வேறு சிலவற்றில் 56 இருக்கும். மாறிப் போனால் தந்தி கழுத்தின் ஓரத்துக்கு வந்து வழுக்கும். மெல்லிய உடலில் முழு நீள பிளாக்கைப் போட்டால் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இனி பிக்கப். பழைய சிங்கிள் காயில்களில் இரும்புத் துருவங்கள், அவற்றுக்கு அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டை. புதியவற்றில் துருவமே காந்தம்: அல்னிகோ 5, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை. 42 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கம்பி, மின்தடை மீட்டரில் 6 கிலோ ஓம் அருகே காட்டும். கழுத்துப் பக்கத்தில் வித்தியாசம் பெரிது, இன்றும் தெரிகிறது. மெதுவாக மீட்டினால் மென்மை, அழுத்தி மீட்டினால் ஓர் உறுமல், இரண்டுக்கும் நடுவே இருக்கும் படிகளும் கேட்கின்றன. பழையதில் விரலின் பலம் மாறினால் சத்தம் மட்டும் ஏறி இறங்கும், குணம் மாறாது.

பிரிட்ஜ் ஹம்பக்கர் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆம்பில் கெய்னை (ஒலியை முரட்டாக்கும் அளவு) ஏற்றிவிட்டால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மாற்றுவதற்கு முன் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் குறுந்துணுக்கு) ஒரே அமைப்பில் பதிவு செய்து வைத்திருந்தேன். இன்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது எது என்று சொல்ல ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுத்தமான ஒலியில் சட்டென்று தெரிந்துவிடும்.

கிலோ ஓம் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 16 காட்டும் பிக்கப் 8 காட்டுவதைவிட இரண்டு மடங்கு சத்தமானது என்று அர்த்தமில்லை. கம்பி மெல்லியதானால் அதே சுற்று எண்ணிக்கைக்கே மின்தடை ஏறிவிடும். 43 கேஜ் கம்பி 42ஐவிட மெல்லியது. காந்தம் வேறு, சுற்று வேறு என்றால் அந்த எண்களை ஒப்பிடுவதே வீண். ஒரே தயாரிப்பின் இரண்டு ரகங்களை ஒப்பிட மட்டும் அது கொஞ்சம் உதவும்.

நடு பிக்கப்பை எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் கொண்டதாக வாங்கினேன். இதனால் அதுவும் கழுத்து பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரின் தத்துவமும் இதேதான். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது என்பது இங்கே சுவாரசியமான சங்கதி. அதை நடுவே எங்காவது சிக்க வைத்து இரண்டு பிக்கப்பைச் சேர்த்து ஒலிக்கச் செய்தவர்கள் வாசிப்பவர்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைத் தானாகக் கொடுக்க 1977 வரை ஆனது. இன்று நான் அதிகம் வாசிப்பது அந்த இடைநிலையில்தான்.

வேறுவேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்களைக் கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தபோது ஒலி தகரம்போல் மெலிந்து, அடிநாதம் காணாமல் போனால், அவை எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது). ஒன்றின் இரு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். உலோக மூடி போட்ட பிக்கப் என்றால் முதலில் மூடியின் எர்த்தைத் தனியாகப் பிரித்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, காசே செலவில்லாத ஒன்றுதான் ஒலியை அதிகம் மாற்றியது: பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு துருவத்துக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பழைய பாணி சிங்கிள் காயிலுக்குத் தடித்த இ பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய இ பக்கம் 2 மி.மீ. என்பது வழக்கமான தொடக்கம். சத்தம் வேண்டும் என்று மேலே ஏற்றினால் அல்னிகோ காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த இ தந்தியின் மேல் ஃப்ரெட்களில் ஒரே ஸ்வரம் இரண்டு சுருதியாகப் பிரிந்து அலையும். சாடிலை எவ்வளவு நகர்த்தினாலும் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக அமைவது) பிடிபடாது. ஆகவே பிக்கப்பை இறக்கிய பிறகுதான் சாடிலைத் தொட வேண்டும். கழுத்து பிக்கப்பை நான் இன்னும் கீழே, 3 மி.மீ. வரை இறக்கி வைத்திருக்கிறேன். சத்தம் குறைந்தது; அதை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பழைய பிக்கப்பிலேயே இதை முதலில் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் புதியது வாங்கலாமா என்று யோசியுங்கள்.

பாட்களிலும் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் மின்தடைகள்) கவனம் வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது மரபு. மதிப்பு குறைந்தால் உச்ச ஒலி மழுங்கும். இரண்டு வகையும் ஒரே கிட்டாரில் இருந்தால் என்ன செய்வது? வால்யூம் 500, சிங்கிள் காயில்களுக்கான டோன் 250, ஹம்பக்கரின் டோன் 500 என்று வைத்தேன். டோன் பாட் முழுதாகத் திறந்திருந்தாலும் சுமையாகத்தான் நிற்கும் என்பதால் இது வேலை செய்கிறது. பாட்கள் எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை விலகலாம். மீட்டரில் பார்க்காமல் பற்றவைக்க வேண்டாம். துளையையும் பாருங்கள்: சிறு பாட்களின் தண்டு 8 மி.மீ. துளையில் நுழையும், பெரியவற்றுக்கு 9.5 வேண்டும்.

டோன் கெபாசிட்டரில் 0.022 மைக்ரோஃபாரட் போட்டேன். விலையுயர்ந்த எண்ணெய்த்தாள் கெபாசிட்டர் பற்றிய புராணங்களை நான் நம்புவதில்லை. மதிப்பு ஒன்றாக இருந்தால் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது. கேபிள் அப்படியில்லை. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றாலும் 6 மீட்டரில் 600 சேர்ந்துவிடும், பிக்கப்பின் உச்ச அதிர்வு கீழே இறங்கும். ஒலி மந்தம் என்று பிக்கப்பைக் குறை சொல்லும் முன் ஒரு குட்டிக் கேபிளில் வாசித்துப் பாருங்கள்.

உட்குழியில் செம்பு நாடா ஒட்டியதில் கரகரப்பு குறைந்தது. மின்மாற்றிக்கு அருகில் வரும் ரீங்காரம் குறையவில்லை, குறையவும் செய்யாது. அது காந்தப்புலத்தில் வருவது, மெல்லிய செம்பு அதைத் தடுக்காது. பற்றவைப்பில் சொல்ல ஒன்றே ஒன்று: வால்யூம், டோன் பாட்களின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, சூடு போதுமான இரும்பால் சட்டென்று முடித்துவிட வேண்டும். பலம் குறைந்த இரும்பை வைத்துக்கொண்டு காத்திருந்தால் சூடு உள்ளே இறங்கி பாட்களைக் கெடுக்கும்.

இப்போது இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டில் பி தந்திக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறது. அடுத்த செலவு அதற்குத்தான். சமன்படுத்தினால் போதுமா, முழுதாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்டுக்கு மாறிவிடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பிரிட்ஜ் ஹம்பக்கரை மறுபடி மாற்றும் எண்ணம் சுத்தமாக இல்லை.