மழைக்கால பேட்டரிக்கு எது: கார் ஆல்டர்னேட்டரா, ஜெனரேட்டரா?

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போல வானம் மூடிக்கொண்டால், மின் இணைப்பு இல்லாத தோட்டத்து வீட்டில் சோலார் பேனல் இருந்தும் பயனில்லை. எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை ஏற்ற வேண்டும். சிறு பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் போட்டு, பழைய கார் ஆல்டர்னேட்டரை (ஓடும் காரில் பேட்டரியை ஏற்றும் கருவி) சுழற்றி, பேட்டரிக்கு ஏற்ற டிசி மின்சாரத்தை நேராக எடுக்கலாம். இல்லையென்றால் 230 வோல்ட் ஜெனரேட்டரை ஓட்டி அதில் சார்ஜரைச் செருகலாம்.

முதல் வழிமேல் பலருக்கும் ஆசை உண்டு. காயலான் கடையில் ஆல்டர்னேட்டர் கிடைக்கும், வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்ட் அடித்துத் தருவார்கள், மீதி நம் கைவேலை. எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் ஆல்டர்னேட்டருக்கு அதைப்போல இரு மடங்கு வேகம் வேண்டும். ஆல்டர்னேட்டரின் இரண்டரை அங்குலப் புல்லிக்கு எதிரே எஞ்சினில் ஐந்து அங்குலப் புல்லி போட்டால் சரி. சாவி போட்டதும் டாஷ்போர்டில் எரியும் சிவப்பு பல்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அதன் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் காந்தச் சுருளான ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் போகும். அந்த பல்பு இல்லாமல் எவ்வளவு சுற்றினாலும் சில ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் தராது. பேட்டரி பாசிட்டிவை ஒட்டி ஃபியூஸ், பெல்ட்டுக்கு வலைக்கூண்டு இரண்டும் கட்டாயம். வேட்டியோடு வேலை செய்கிற ஊரில் கூண்டு இல்லாத பெல்ட் ஆபத்து.

அப்புறம் எரிபொருள் கணக்கு. 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சிறு எஞ்சினின் தண்டில் தோராயமாக 2 யூனிட் கிடைக்கும். கார் ஆல்டர்னேட்டர் அதில் பாதிக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 55 சதவீதம்தான் மின்சாரமாக்கும். ஆக 1.1 யூனிட். ஜெனரேட்டரும் நல்ல எஸ்எம்பிஎஸ் சார்ஜரும் (கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் மின்னணு சுவிட்ச் கொண்ட வகை) சேர்ந்தால், இரண்டு இடத்தில் இழப்பு இருந்தும் 1.4 யூனிட் வரை பேட்டரிக்குப் போகும். இடையில் ஒரு கருவி குறைந்தால் இழப்பும் குறையும் என்ற நினைப்பு இங்கே பொய்த்துவிடுகிறது.

இதைவிட முக்கியம், பேட்டரி எவ்வளவு வாங்கும் என்பது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் ஈய-அமில வகை) இரண்டை இணையாகப் போட்டிருந்தால், பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்கில் 30 ஆம்பியர் போதும். பாதி தீர்ந்த பேட்டரி 80 சதவீதம் நிரம்ப 3 மணி நேரம். அதற்கு மேல் மின்னோட்டம் சுருங்கிக்கொண்டே போகும். கடைசி 20 சதவீதத்துக்கு இன்னும் பல மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எஞ்சினை ஓட்டுவது பெட்ரோலைக் கொட்டுவதுதான். அதை வெயில் வந்ததும் பேனல் பார்த்துக்கொள்ளட்டும். ஆக, 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் பலம் இந்த அளவு பேட்டரியிடம் வீண். அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் 14.2 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடும், ட்யூபுலருக்கு 14.4-க்கு மேல் தேவைப்படும்.

ஜெனரேட்டர் பக்கமும் சிக்கல் உண்டு. அதிலேயே இருக்கும் 12 வோல்ட் சாக்கெட் 8 ஆம்பியர் போலத்தான் தரும், அதை நம்ப வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரையே சார்ஜராக வைத்தால், வோல்டேஜ் சற்று ஏறி இறங்கினாலும் பொறுக்காத யுபிஎஸ் மோடில் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்க மறுக்கலாம். சுவிட்சை நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் மோசம், அதாவது பயன்படுவதைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும்; சின்ன ஜெனரேட்டர் திணறும்.

என் ஓட்டு ஜெனரேட்டருக்கும் எஸ்எம்பிஎஸ் சார்ஜருக்கும். மிக்ஸியும் ஓடும், டிரில்லும் ஓடும். ஆனால் கிணற்றடியில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட் சும்மா கிடக்கிறது, பேட்டரியும் நாலைந்து இருக்கிறது என்றால் ஆல்டர்னேட்டரைத் தாராளமாகப் பூட்டலாம். ஓடும்போது பேட்டரி வயரை மட்டும் கழற்றாதீர்கள், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு போய்விடும். லித்தியம் பேட்டரிக்கு இந்த வழி வேண்டாம்: அது ஆல்டர்னேட்டர் தரும் முழு மின்னோட்டத்தையும் விடாமல் இழுத்துச் சூடாக்கும், நிரம்பியதும் அதன் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் மறுபடியும் டயோடுக்குத்தான் கேடு.