ஸ்பென்சர் பிளாசாவுக்கு இன்றைக்கும் போகலாமா?

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகத்துக்கு இன்றைக்கும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, எதை வாங்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். சினிமா, பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரிய பிராண்டு ஆடைகள் என்றால் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலோ வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலோதான் சரி. பயணப் பெட்டியோ காஷ்மீர்ச் சால்வையோ, நாலு கடை ஏறி இறங்கி விலை பேசி வாங்க விரும்புகிறவர்களுக்கு ஸ்பென்சரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஸ்பென்சர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு எழுப்பிய இந்தோ-சாரசெனிக் பாணிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகள் கலந்த பாணி) கட்டடம் 1983இல் தீக்கிரையானது. அதே மனையில் எழுந்த இன்றைய வளாகத்தின் மூன்று ஃபேஸ்களில் (கட்டங்களில்) முதலாவது 1990களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது; மற்ற இரண்டும் பின்னால் சேர்ந்தன. குளிரூட்டிய ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கான கடைகள் என்பது அன்றைய சென்னைக்குப் புதிது. லேண்ட்மார்க்கில் நின்றபடியே புத்தகம் படிக்கவும், மியூசிக் வேர்ல்டில் பாட்டுக் கேட்கவும் வந்த கல்லூரி மாணவர்களுக்கு, ஒன்றும் வாங்காவிட்டாலும் பொழுதைக் கழிக்க நகரத்தின் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. அந்தத் தலைமுறையின் சென்னையை ஸ்பென்சரை விட்டுவிட்டு எழுத முடியாது.

2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ நடந்துபோகும் தூரத்தில் வந்தது. 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் திறந்தது. திரையரங்கு இல்லாத ஸ்பென்சரிலிருந்து மாலை நேரக் கூட்டம் அங்கெல்லாம் நகர்ந்தது. ஆனால் சரிவுக்குப் போட்டியை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. புதிய மால்களில் கட்டடம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், எந்தக் கடைக்கு எந்த இடம், எதை மாற்றிப் புதிதாக எதைக் கொண்டுவருவது என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. ஸ்பென்சரிலோ கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. ஒருவர் வாடகைக்கு விடுவார், அடுத்தவர் பூட்டி வைப்பார், இன்னொருவர் அலுவலகத்துக்குக் கொடுப்பார். மூடிய ஷட்டர்களின் வரிசைக்கு நடுவே ஒற்றைக் கடை திறந்திருந்தால் அதுவரை நடந்துவர வாடிக்கையாளருக்கு மனம் வருவதில்லை. சிறு வியாபாரியைச் சொந்தக்காரராக்கிய அதே ஏற்பாடுதான், காலம் மாறியபோது வளாகம் ஒன்றாகச் சேர்ந்து மாறுவதற்கும் தடையாக நின்றது என்பது என் கருத்து.

எஞ்சியிருப்பவற்றில் காஷ்மீரிகளின் கடைகளையே முதலில் சொல்வேன். மடித்து அடுக்கிய சால்வைகளில் ஒன்றைக் கேட்டால் ஐந்தை எடுத்து விரித்து, பூவேலையின் முன்பக்கத்தைக் காட்டியபின் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலையும் காட்டுகிறார்கள். கையால் செய்த வேலைக்கும் இயந்திர வேலைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பின்பக்கத்தில்தான் தெரியும். அவசரமாக ஸ்கேன் செய்து பையில் போட்டுத் தரும் கடைகளில் இந்தப் பொறுமை கிடைப்பதில்லை. வால்நட் மரப் பெட்டிகளும் பார்க்கத் தக்கவை.

முதலில் சொல்லும் விலையை ஒப்புக்கொள்ளாமல், குறைந்தது இரண்டு கடைகளில் விசாரித்த பிறகே பேச்சைத் தொடங்குவது நல்லது. மெட்ரோவில் வருபவர்கள் எல்ஐசி நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். குறிப்பிட்ட ஒரு கடையைத் தேடிப் போகிறவர்கள், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது உத்தமம்.