நிலாப் பெட்டியில் கிடந்த நீள்வட்டம்

பேத்தியின் ஆறாவது பிறந்தநாளுக்காக யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் இந்த மரப் பெட்டியை 3,200 ரூபாவுக்கு வாங்கினேன். சதுரம், முக்கோணம், அறுகோணம், வட்டம், நீள்வட்டம் என்று வடிவத் துண்டுகள் ஒரு தட்டில். அமாவாசையில் தொடங்கிப் பறுவம் வரை வளர்ந்து, பிறகு தேயும் 8 நிலாத் துண்டுகள் மறு தட்டில்.

வடிவத் துண்டுகளில் ஒரு குறையும் இல்லை. ஆறு சமபக்க முக்கோணங்களைச் சேர்த்தால் அறுகோணத்தின் மேல் அச்சொட்டாகப் பொருந்துகின்றன.

நிலாவில்தான் மனம் நொந்தது. பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்கிறது உள்ளே இருந்த விளக்கத் தாள். முழுப் பிழை. அந்த நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. மற்ற நேரமெல்லாம் நிலாவின் ஒரு பாதியில் வெயில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு எங்கள் பக்கம் தெரிகிறதோ அதுதான் பிறை. 28 வருடங்கள் கணிதம் படிப்பித்தவள் நான். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இதே பிழையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அன்றிரவே தாளைக் கிழித்துவிட்டு, ஒரு தேசிக்காயை ஈர்க்கில் குத்திப் பேத்தியிடம் கொடுத்தேன். அறையை இருட்டாக்கி மேசையில் ரோச் லைற்றை வைத்தேன். அவள் கையை நீட்டியபடி மெல்லச் சுற்றினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது அமாவாசை, கால் சுற்றில் அரை நிலா, முதுகைத் திருப்பிக் காயைத் தலைக்கு மேல் உயர்த்தியபோது பறுவம். இன்னும் சுற்றியதும், "அம்மம்மா, தேசிக்காய் தேய்கிறது!" என்று கத்தினாள்.

பிறைத் துண்டையும் பிழையாகவே வெட்டியிருக்கிறார்கள். கடித்த தோசை போல இருக்கிறது. கொம்புகள் அரைவட்டத்தைத் தாண்டி வளைகின்றன. உண்மைப் பிறையின் வெளி விளிம்பு அரைவட்டம், உள் விளிம்பு அரை நீள்வட்டம். சரித்துப் பிடித்த தட்டின் வாய் நீள்வட்டமாகத் தெரிவதைப் போல, ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள வட்ட எல்லையை நாங்கள் சரிவாகப் பார்க்கிறோம். இதற்கு மருந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நீள்வட்டத்தின் நீளமும் வட்டத்தின் விட்டமும் ஒன்று. மஞ்சள் வட்டத்தின் நடுவில் நீள்வட்டத்தை வைத்து, இடப்பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடினேன். வலப்பக்கம் மிஞ்சியது அசல் வளர்பிறை!

வடிவங்களுக்காகவே இதை வாங்கலாம். விளக்கத் தாளைப் பிள்ளையின் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய 29½ நாள் என்பதால், நாலு நாளுக்கு ஒன்றாக நிலாத் துண்டுகளைப் பேத்தி மாற்றி வைக்கிறாள். பிறையின் முறை வரும்போது மட்டும் எங்கள் நீள்வட்டம் ஏறும்.

மூன்றாம் பிறையன்று மாலை அவளைப் பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பெட்டியில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் எங்களுக்கோ அது தோணி போலச் சாய்ந்து தெரியும். கொண்டுவந்திருந்த மஞ்சள் வட்டத்தைக் கடலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, இரண்டு பிறையும் ஒன்றாகும்வரை திருப்பிக்கொண்டே நின்றாள்.