கிணற்றில் 24 மணி நேரம்: சேலத்தில் வாங்கிய லைஃப் ஜாக்கெட்

காலாண்டு விடுமுறைக்கு ஒகேனக்கல் போகலாம், பரிசல் ஏறலாம் என்று பேரப்பிள்ளைகள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, போகலாம், ஆனால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் நம் கையோடு வரும் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தார்ப்பாய், கயிறு, மீன்வலை விற்கிற ஒரு கடையில் நான்கு வாங்கினேன். பெரியவர்களுக்கு மூன்று, ஒன்று 1,150 ரூபாய். எட்டு வயதுப் பேத்திக்குச் சின்னது ஒன்று, 800 ரூபாய். ஆரஞ்சு நிறம், முன்பக்கம் மூன்று பக்கிள், தோள்பட்டையில் ஒரு விசில். பார்க்க நன்றாகவே இருந்தது.

எந்தக் கம்பெனி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான்கிலும் தயாரித்தவர் பெயர் இல்லை. உள்ளே தைத்திருந்த சீட்டில் சைஸ் மட்டும் இருந்தது. எத்தனை கிலோ எடையுள்ள ஆளுக்கு, எந்த வருஷம் செய்தது, யார் சோதித்தது, எதுவும் கிடையாது. வாங்கும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும்; வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

நான் 26 வருஷம் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டராக இருந்தவன். சர்வேயர் கப்பலில் ஏறினால் முதலில் இந்தச் சீட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பழக்கத்துக்கு நம் நாட்டில் வயது அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில், 1884ஆம் வருஷத்து இந்திய நீராவிக் கப்பல் சட்டப்படி, பயணிகளை ஏற்றும் நீராவிக் கப்பலை சர்வேயர் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் ஓட்ட முடியும். அந்தச் சான்றிதழின் நகலை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டவும் வேண்டும். வாங்குகிற நமக்கு அந்தச் சின்னச் சீட்டுதான் சான்றிதழ். அது வெறுமையாக இருந்ததால் சோதனையை நானே செய்வதென்று முடிவு செய்தேன்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அறுபதடிக் கிணறு இருக்கிறது. மச்சான் மளிகைக் கடையிலிருந்து எடைக்கற்களை வாங்கி வந்தேன்: 5 கிலோ, 2 கிலோ, அரை கிலோ. இந்த ஏழரைக் கிலோ கணக்கு என் கற்பனை இல்லை. 1929இல் லண்டனில் பல நாடுகள் கையெழுத்திட்ட கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் உள்ளது. ஏழரைக் கிலோ இரும்பைக் கட்டி நல்ல தண்ணீரில் 24 மணி நேரம் போட்டாலும் லைஃப் ஜாக்கெட் மிதக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் எதுவும் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்கும். நல்ல தண்ணீரில் தாக்குப்பிடித்தால் கடலிலும் பிடிக்கும். ஆக, கிணறு இதற்குச் சரியான இடம். ஒரே எடைக்கற்கள் என்பதால் ஒரு நாளைக்கு ஒன்றாக, மூன்று நாள் ஆனது. ஜாக்கெட் முழுகினாலும் கற்கள் அடிக்குப் போய்விடாதபடி மேலே ஒரு கயிறு கட்டிப் படியில் மாட்டிவிட்டேன்.

முதலிரண்டும் மறுநாள் காலையிலும் மேலேதான் இருந்தன. மூன்றாவது, மாலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கயிறு விறைத்து நிற்கிறது, ஜாக்கெட்டைக் காணோம். இழுத்து எடுத்தபோது ஈரத் துணி மூட்டை மாதிரி கனத்தது.

தையலைப் பிரித்தேன். நல்ல இரண்டிலும், விளிம்புத் தையலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தவரை, ஒரே பலகையாக ஃபோம் இருந்தது. ஹவாய் செருப்பின் அடிப்பாகம் போல: உள்ளே காற்றறைகள் தனித்தனியாக மூடியிருக்கும், தண்ணீர் ஏறாது. கெட்டுப்போனதில் பாதி அந்த ஃபோம், மீதி மெத்தைக் கடையில் மிஞ்சுகிற ஸ்பாஞ்சுத் துண்டுகள். ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடிக்கும். வெளியிலிருந்து கையால் அமுக்கினால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால்தான் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இப்போதைய சர்வதேச விதியும் அதையே சொல்கிறது: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்த பிறகு மிதக்கும் திறன் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு பழைய கப்பலில் இலவம்பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுகள் இருந்தன. நம் வீட்டுத் தலையணைப் பஞ்சேதான். இழை உள்ளே குழல், மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் பட்டால் மட்டும் வீண். அதைவிட மோசமான பொருளை இந்தக் காலத்தில் ஒருவர் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது.

1904 ஜூன் 15 அன்று நியூயார்க் ஆற்றில் ஜெனரல் ஸ்லோகம் என்ற பயணிக் கப்பல் தீப்பிடித்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தேவாலயச் சுற்றுலா போனவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தாய்மார் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்ட ஜாக்கெட்டுகளில் கார்க் மக்கித் தூளாகியிருந்தது. அதற்கு ஐந்தாறு வாரம் முன்புதான் சோதனை அதிகாரி அந்தக் கப்பல் சரியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார். பின்னால் நடந்த விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது: விதி கேட்கிற எடையைக் காட்டுவதற்காகக் கார்க் கட்டைக்குள் இரும்புத் துண்டு வைத்து விற்றிருக்கிறார்கள்.

"எதுக்குப்பா இவ்வளவு? பரிசல்காரரே ஜாக்கெட் கொடுப்பாரே" என்றான் மகன். அவனுக்கு என் தாத்தா கதையைச் சொன்னேன். அம்மாபேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், 1930களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். 1926இல் கட்டிய கப்பல். அதன் சான்றிதழில் டெக் பயணிகள் மட்டும் 5,113 பேர். கேபின் கிடையாது, தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். 1887ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களைச் சுதேசிப் பயணிகள் என்றது. பிறகு படுக்கையில்லாப் பயணிகள் என்று பெயர். தளத்தின் பரப்பை அளந்து, ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வகுத்து எண்ணிக்கை போடுவார்கள்.

மேலே சொன்ன 1929 ஒப்பந்தத்திலேயே இவர்களுக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. படுக்கையில்லாப் பயணிகளைக் கூட்டம் கூட்டமாக ஏற்றும் கப்பல்களுக்கு முழு விதிகளும் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லித் தனி விதி போட இடம் விட்டார்கள். 1931இல் சிம்லாவில் கூடி அந்தத் தனி விதிகளை எழுதினார்கள். சிம்லா விதிகள் என்றே பெயர். 1971இல் புது ஒப்பந்தம் வரும்வரை ஹஜ் பயணிகளும், மலேயாவுக்குப் போன நம் ஆட்களும் அந்த விதிகளின் கீழ்தான் போனார்கள். கேபின் பயணிக்கு ஒரு விதி, பாய் விரித்தவருக்கு ஒரு விதி. முழுகினால் தண்ணீர் அப்படிப் பிரித்துப் பார்க்குமா? என் தாத்தா அந்தத் தளத்தில் படுத்திருந்தவர். அதனால் என் குடும்பத்தில் யார் படகில் ஏறினாலும், தலைக்கு ஒன்று, சோதித்தது, இருந்தே ஆக வேண்டும்.

பேத்தியின் ஜாக்கெட்டுக்கு எடைக்கல் சோதனை செய்யவில்லை. வேறு சோதனையிலேயே அது தோற்றுவிட்டது. மாட்டிவிட்டு, பக்கிளை இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறி வந்தது. கால்களுக்கு நடுவே போகிற பட்டை இல்லை. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே, ஜாக்கெட் மேலே. குழந்தைக்கு வாங்குகிறவர்கள் கடையிலேயே இப்படித் தூக்கிப் பார்த்துவிடுங்கள், அரை நிமிஷ வேலை. விசில் பரவாயில்லை, நனைந்த பிறகும் ஊதியது. பக்கிள்களில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பிரித்ததையும் சின்னதையும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஸ்பாஞ்சைப் பிழிந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு, அதே மூட்டையில் வந்தவற்றைக் கொக்கியிலிருந்து இறக்கச் சொன்னார். "அண்ணா, நாங்க வர்றதை அப்படியே மாட்டி விக்கிறோம், பிரிச்சுப் பார்த்ததில்ல" என்றவர், 1,950 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். கடைக்கு என் மதிப்பெண் முழுசும். தைத்தவருக்கு எதுவும் கிடையாது.

பேத்திக்கு நடுப்பட்டையோடு, எடை அளவு அச்சிட்டது ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அவளை அதோடு கிணற்றில் இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒகேனக்கல் அதற்கப்புறம்தான்.