சேர்க்காடா, ராணிப்பேட்டையா, வேலூர் டவுனா?

வருஷா வருஷம் குடியாத்தம் பக்கம் உள்ள எங்கள் பள்ளிக்குப் பி.எட். மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். கையில் சுருட்டிய சார்ட், பையில் ரெக்கார்டு நோட்டு. 2014-ல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் (என்.சி.டி.இ.) விதிகளை மாற்றிப் படிப்பை 2 வருஷமாக்கியதில், பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரமாக நீண்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 20 வாரத்தில் பிள்ளைகள் எப்படி வகுப்பு எடுக்கிறார்கள் என்று பார்க்க அவர்கள் கல்லூரியிலிருந்து ஆள் வருவது அபூர்வம். ஒருமுறை ஒருவர் வந்தார். ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார், அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அடங்கிய பழைய வட ஆற்காட்டுக்கென்று, ஆசிரியர் கல்வியில் ஆராய்ச்சியையும் பயிற்சியையும் சேர்த்து நடத்தும் ஒரு பல்கலைக்கழக நிறுவனம் வேண்டும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி பேச்சு வரும். வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எங்கே, யார் கையில் என்பதில்தான் டிபன் பாக்ஸ் மூடாமல் கிடக்கும்.

நான் அளவுகோலாக வைத்துக்கொள்வது கோத்தாரி கல்விக் குழு (1964–66) சொன்னதை. ஆசிரியர் பயிற்சி மூன்று விதமாகத் தனித்துக் கிடக்கிறது என்றது அந்தக் குழு: பல்கலைக்கழகத்தோடு ஒட்டவில்லை, பள்ளியோடு ஒட்டவில்லை, தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி தருபவர்களும் உயர்நிலைக்குத் தருபவர்களும் ஒருவரோடொருவர் ஒட்டவில்லை. இன்றைக்கும் எந்த யோசனையை எடுத்தாலும், இந்த மூன்றில் எதை ஒட்டவைக்கிறது என்று கேட்டால் போதும்.

ஒரு யோசனையைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். 2008-ல் சட்டம் போட்டுத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து, மாநிலத்தின் பி.எட். கல்லூரிகள் அதன் இணைவில்தான் இருக்கின்றன. அதன் மண்டல மையம் ஒன்றை வேலூரில் திறந்தால் போதாதா என்பார்கள். நம் அனுபவத்தில் மண்டல மையம் என்பது ஃபீஸ் கட்டவும் மார்க் ஷீட் வாங்கவும் நிற்கிற ஜன்னல். சென்னைக்குப் போகிற பஸ் காசு மிச்சமாகும், அவ்வளவுதான்.

வேலூர் டவுன்காரர்கள் அரசு கல்வியியல் கல்லூரியையே உயர்த்தலாம் என்கிறார்கள். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1856-ல் தொடங்கிய சைதாப்பேட்டை பயிற்சிக் கல்லூரி, 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்த திட்டத்தில் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக உயர்ந்தது. வேலூரில் நிலைமை சாதகம்தான்: பாடம் கற்பிக்கும் முறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஊருக்குள்ளேயே அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, வாணியம்பாடியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் நேர் பஸ். இருந்தாலும் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் டிரான்ஸ்ஃபருக்கு உட்பட்டவர். ஒரு பள்ளியை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனிக்கிற ஆராய்ச்சியை அவரிடம் எப்படிக் கேட்பது? பாதியில் கும்பகோணத்துக்கோ கோவைக்கோ ஆர்டர் வந்தால், கூடவே நோட்டுப் புத்தகமும் போய்விடும். அதோடு, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் பி.எட். கல்லூரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ராணிப்பேட்டை டயட் பக்கம் என் மனசு சாயும், ஒத்துக்கொள்கிறேன். டயட் என்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களை வடிவமைத்தபோது முன்பணிப் பயிற்சி, பணியிடைப் பயிற்சி, பாடப்பொருள், கல்வித் தொழில்நுட்பம், திட்டமிடல் முதலான 7 பிரிவு வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் நாம் கேட்கிற நிறுவனமே அதுதான். வட்டார வள மையம், குறுவள மையம், ஆசிரியர் பயிற்றுநர் என்று பள்ளி வரைக்கும் நீள்கிற கையும் இருக்கிறது. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை மலைக்கோ, திருப்பத்தூர் பக்கம் புதூர்நாட்டுக்கோ ஏறிப்போய் வகுப்பில் உட்காருகிற ஆள் என்றால் அது இந்த வழியாகப் போகிறவர்தான்.

அங்கே என்ன பார்ப்பார்? ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் மீட்டிங் போனால் ஐந்துக்கும் ஒருவர். நம் லெசன் பிளானோ ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பீரியட் என்றே இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய, குழந்தை தன் வேகத்தில் ஒவ்வொன்றாக முடித்துப் போகிற செயல்வழிக் கற்றல் அட்டைகள் எங்கிருந்து வந்தன? மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில், சுற்றுப்புறக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கிற பள்ளிகளுக்காக உருவான முறையிலிருந்து. நம் எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூரைத் தாண்டினால் எட்டிவிடுகிற தூரம். நம்மூர்ப் பயிற்சிக் கல்லூரி எதிலிருந்தும் அது வரவில்லை. வந்த பிறகு எந்த அட்டையில் எந்தக் குழந்தை நின்றுபோனது, ஏன் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதற்கென்றே ஒரு இடமும் இங்கே இருந்ததில்லை. 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும் அதே கதை: பயிற்சி மேலிருந்து இறங்கியது, கேள்வி கீழேயே தங்கியது.

டயட்டால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை? அதற்குப் பட்டம் தரும் அதிகாரம் இல்லை. அங்குள்ள விரிவுரையாளர் செயலாய்வு (வகுப்பறைச் சிக்கலை நேரில் ஆராய்வது) செய்தால் அது ஒரு அறிக்கையாகி அலமாரிக்குப் போகும். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு திட்டத்துக்கு, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப் போகிற கருத்தாளர்களுக்குப் பயிற்சி, மாட்யூல், ஆய்வுக் கூட்டம். கேள்வியைப் பிடித்து உட்கார நேரம் ஏது?

மிச்சம் சேர்க்காடு, அதாவது அங்கே இருக்கிற, 2002-ல் பிறந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இங்கே தமிழும் கணிதமும் வேதியியலும் விலங்கியலும் பக்கத்துப் பக்கத்துத் துறைகள். மோல் கருத்தைப் பதினொன்றாம் வகுப்பில் எப்படிச் சொல்வது என்று குழம்புகிற பி.எட். மாணவி, வேதியியல் துறை ஆய்வாளரிடம் நடந்துபோய்க் கேட்கலாம். முனைவர் பட்டம் கொடுக்கலாம். டிரான்ஸ்ஃபர் பயம் கிடையாது. மொழியும் ஒரு காரணம்: காட்பாடி, குடியாத்தம் எல்லையில் வீட்டில் தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது, பள்ளியில் தமிழ். இந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பில் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்பது மொழித்துறையும் கல்வியியலும் சேர்ந்து செய்ய வேண்டிய ஆய்வு. தனிக் கல்லூரியால் ஆகிற காரியமில்லை.

பயமும் இங்கேதான் அதிகம். பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு கட்டுரைகளின் எண்ணிக்கையில் தொங்குகிறது. நூறு ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, மனப்பாங்கை அளந்து, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று முடிக்கிற ஆய்வேடுகள் இன்னும் ஒரு அலமாரி சேரும். பள்ளிக்குள் கால் வைக்காமலே இதையெல்லாம் செய்து முடித்துவிடலாம்.

ஆகவே என் ஓட்டு சேர்க்காட்டுக்கு, ஆனால் வெறும் சேர்க்காட்டுக்கு இல்லை. மைசூரு மண்டலக் கல்வியியல் கல்லூரி 1963-ல் தொடங்கியபோது அதோடு ஒரு மாதிரிப் பள்ளியும் சேர்த்தே வந்தது. இங்கே புதுக் கட்டடம் கட்டிப் பேராசிரியர் பிள்ளைகள் படிக்கிற பள்ளியாக்கிவிடக் கூடாது. பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றையும் மலையில் ஒரு பள்ளியையும் எடுத்துக்கொள்ளட்டும். ராணிப்பேட்டை டயட்டிலிருந்தும் ஆசிரியர் பயிற்றுநர்களிலிருந்தும் ஆட்களை மூன்று வருஷம் அயற்பணியில் (சொந்தத் துறையை விடாமல் தற்காலிகமாக) அழைத்து, அவர்கள் கொண்டுவருகிற கேள்வியையே முனைவர் பட்டத் தலைப்பாக்கட்டும். டயட் பள்ளிக்கல்வித் துறையின் கீழ், அரசுக் கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழ், பி.எட். இணைவு சென்னையில். இந்த மூன்று கோப்பும் ஒரே மேசைக்கு வருவதுதான் கஷ்டம்; கட்டடம் கட்டுவது அதைவிட சுலபம்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி மட்டும் நான் சேர்ப்பேன்: இங்கே பேராசிரியராக வருபவர் வாரத்தில் ஒரு நாள் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்த வேண்டும். பாதிப் பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்று எங்கள் கணக்கு டீச்சர் சிரிக்கிறார். மீதிப் பாதி போதும் என்றேன்.