மனச்சான்று வகுப்பு: மூன்று மாலை, 500 ரூபா

யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் தவக்காலத்தில் நடந்த வகுப்புக்குப் போய்வந்தேன். தலைப்பு ‘மனச்சான்றும் திருச்சபையின் போதனை அதிகாரமும்’. 500 ரூபாவுக்குள் குறிப்புப் பிரதியும் பிளேன்ரீயும் அடக்கம். குறிப்பில் ஒரே பக்கத்தில் மனச்சான்று என்றும் மனச்சாட்சி என்றும் கலந்து கிடந்தது. அச்சடிக்குமுன் யாராவது படித்துப் பார்த்திருக்கலாம்.

நான் முப்பது ஆண்டுகள் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள். கரையோரக் கிராமங்களில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரை கொடுத்தேன். ஞாயிறு பூசையில் அதே பெண்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். செயற்கைக் கருத்தடை தவறு என்று 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடல் சொல்வது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் போனேன்.

முதல் மாலை அருமை. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 1790ஆம் எண்ணைச் சுவாமியார் நிறுத்தி வாசித்தார்: ஐயமற்ற மனச்சான்றின் தீர்ப்புக்கு மனிதர் எப்போதும் கீழ்ப்படிய வேண்டும். எனக்கு முதுகு நிமிர்ந்தது. உடனே 1792ஐப் புரட்டச் சொன்னார்: திருச்சபையின் அதிகாரத்தையும் போதனையையும் உதறுவதும் தவறான தீர்ப்புக்கு ஒரு காரணமாகலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மூடாமல் பேசினார். இந்த விடயத்தில் அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

இரண்டாம் மாலை ஆங்கிலேயக் கர்தினால் நியூமனுக்கே போய்விட்டது. 1875இல் அவர் எழுதிய கடிதம், முதலில் மனச்சான்றுக்கும் பிறகு பாப்பரசருக்கும் கிண்ணம் உயர்த்துவேன் என்றது, எல்லாம் சுவைதான். ஆனால் நம் நாட்டு அமலமரித் தியாகிகள் சபைக் குரு திஸ்ஸ பாலசூரிய தான் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் சபைவிலக்குக்கு உள்ளாகி, மறு ஜனவரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டதற்கு இரண்டே நிமிடம். இங்கிலாந்துக்கு ஒரு மணித்தியாலம், இலங்கைக்கு இரண்டு நிமிடமா?

மூன்றாம் மாலை கேள்வி நேரம் பதினைந்து நிமிடம். என் கேள்வித் துண்டு வாசிக்கப்படவே இல்லை. விடவில்லை, சைக்கிளோடு கேற்றடியில் நின்று சுவாமியாரை மறித்துக் கேட்டேன். பாவம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“மாத்திரை கொடுக்குமுன் அவர்களிடம் என்ன கேட்பீர்கள், அம்மா?”

“எத்தனை பிள்ளைகள், இரத்த அழுத்தம் உண்டா, புருசனுக்குச் சம்மதமா.”

“அவர்களுக்கு மனதில் உறுத்தல் உண்டா என்று?”

“அது என் வேலையில்லை, சுவாமி.”

“அவர்கள் என்னிடமும் கேட்டதில்லை” என்றார். காவலாளி கேற்றைப் பூட்ட வந்துவிட்டார்.

கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் மறுபடி நடக்குமாம். போகிறவர்கள் கேள்வியை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். மின்விசிறி முன்வரிசைக்கு மட்டும்தான்.