மயஸ்தீனியா உள்ளவர்கள் கவனத்துக்கு: ஆக்சிஜன் அளக்கும் விரல் கிளிப்பில் 98 காட்டுகிறது என்று வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள்

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை தளரும் நோய் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக இருந்தேன். இரவில் மூச்சு மேலோட்டமாகிவிட்டது, படுத்தால் இன்னும் மோசம், எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வந்து இரண்டு வார்த்தைக்குள் குழறிப்போனது. அக்காதான் அழைத்துப் போனாள். டியூட்டி டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டினார், 98 காட்டியது, அவ்வளவுதான். "ஆக்சிஜன் நல்லா இருக்கு, பதற்றத்துல இப்படித்தான் மூச்சு வாங்கும், தூங்கினா சரியாயிடும்" என்றார். அக்கா நோயின் பெயரைச் சொன்னதும், "அது இமை தொங்குற வியாதிதானே" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இமை தொங்கும்தான். ஆனால் நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குப் போய்ச் சேராதபடி நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்களே தடுக்கிற நோய் இது, மூச்சிழுப்பதும் தசைதானே. அந்தத் தசை களைத்துக்கொண்டே போகும்போதும் ஆக்சிஜன் அளவு வெகுநேரம் சரியாகவே காட்டும். அது இறங்க ஆரம்பிக்கும்போது தொண்டையில் குழாய் போடுகிற கட்டம் வந்திருக்கும். அளக்க வேண்டியது மூச்சின் பலத்தை. முழுதாக இழுத்து ஊதும்போது வரும் காற்று, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 லிட்டருக்குக் கீழே போனால், ஐசியுவில் வைத்துப் பார்க்க வேண்டும். கருவி இல்லையா, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லட்டும். நல்ல உடம்புக்காரர் 50 வரைக்கும்கூடப் போவார், 20-ஐத் தாண்டாவிட்டால் ஆபத்து. அக்கா கேட்டு எண்ண வைத்தபோது நான் 11-ல் நின்றேன், தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் முடியவில்லை. கழுத்தும் மூச்சும் பெரும்பாலும் சேர்ந்தேதான் தளரும்.

இதற்கு நடுவில் நர்ஸ் லீவோஃப்ளாக்சசின் பாட்டிலை மாட்ட வந்தார். அந்த வகை ஆன்டிபயாடிக் மயஸ்தீனியாவை மோசமாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறது. ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும், நரம்பில் ஏற்றும் மெக்னீசியமும்கூட நமக்கு ஆபத்துதான். அக்கா கூடாத மருந்துகளின் பட்டியலைக் காட்டினாள். "டாக்டர் எழுதியிருக்காரே" என்பதுதான் பதில். குழாயைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை அவள்.

அப்புறம் டாக்டரிடமே போய், "சரி சார், வீட்டுக்கு அனுப்புங்க. மயஸ்தீனியான்னு சொன்னோம், மூச்சோட பலத்தை அளக்கச் சொன்னோம், தேவையில்லைன்னு நீங்க முடிவு பண்ணீங்க, இதைக் கேஸ் ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் நரம்பியல் மருத்துவருக்குப் போன் போனது. அவர் வந்து பார்த்ததும் ஐசியு, இம்யூனோகுளோபுலின் (அந்த எதிர்ப்பை அடக்க நரம்பில் ஏற்றும் மருந்து) என்று எல்லாம் வேகமாக நடந்தது.

இந்த நோய் முற்றும்போது பலருக்குக் குரலும் போய்விடும். வாதாட வேண்டிய நேரத்தில் நம்மால் பேச முடியாது, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் கடிதம் வாங்கி வையுங்கள்: என்ன நோய், எதை அளக்க வேண்டும், எந்த மருந்து கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும். கூட வருபவருக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். பணிந்து கேளுங்கள், ஆனால் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே மேல் மருத்துவரைக் கேளுங்கள், கிளம்பிவிடாதீர்கள்.

யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியாக 'பதற்றத்தால் மூச்சுத்திணறல்' என்றே இருக்கிறது. அடுத்த முறை என்னைப் பார்க்கும் டாக்டர் முதலில் அதைத்தான் படிப்பார் என்பதால், அந்த வரியை நீக்கித் திருத்திக் கொடுக்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் காகிதத்திலும் அப்படி ஏதாவது இருந்தால் வாங்கும்போதே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.